அறுபதுக்கு மேல் ஒரு மலை நடை

அறுபது வயதுக்கு மேல் மலைக்குப் போகலாமா? போய் நடக்கலாமா?

பல வீடுகளில் இந்தப் பேச்சு வந்திருக்கும். அம்மாவுக்கு 66 வயது. அப்பாவுக்கு 70. இமயமலையை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இருவருக்கும் ஆசை.

"இந்த வயசுல மலையாம்மா? பேசாம வீட்டுல இருங்க" என்கிறான் மகன்.

"ஏம்ப்பா, நீ குடியிருக்கிறது மூணாவது மாடி. லிப்ட் கிடையாது. தினமும் ரெண்டு தடவை காய்கறிப் பையோட ஏறி இறங்குறேனே. அது மலை இல்லையா?" என்கிறாள் அம்மா.

அம்மா சொல்வது சரிதான். மகனுடைய பயத்திலும் காரணம் இருக்கிறது. மலையில் போய் விழுந்தவர்கள் உண்டு. மூச்சு முட்டி மருத்துவமனைக்குப் போனவர்களும் உண்டு. ஆனால் அவர்களில் பலர் வயதால் மட்டும் அவதிப்பட்டவர்கள் அல்லர். தப்பான இடம், தப்பான மாதம், தப்பான வேகம் இவைதான் அவர்களைப் படுக்கவைத்தன. இந்த மூன்றையும் சரியாகத் தேர்ந்தெடுத்தால், நன்றாக நடக்கக்கூடிய பெரியவர்கள் மலையில் சுகமாக நடந்துவிட்டு வரலாம்.

எந்த மலை?

முதலில் உயரத்தைப் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று கேளுங்கள்.

மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் பிராணவாயு குறையும். உடம்பு இதற்குப் பழக இரண்டு மூன்று நாள் வேண்டும். 2,500 மீட்டருக்குக் கீழே பெரும்பாலோருக்கு இதனால் தொல்லை வராது. அதற்கு மேலே போனால் சிலருக்குத் தலைவலி, குமட்டல், பசியின்மை, மயக்கம், தூக்கமின்மை வரும். இதுதான் மலை நோய். இளைஞர்களுக்கும் வரும். திடகாத்திரமானவர்களுக்கும் வரும்.

கேதார்நாத் 3,583 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியிலிருந்து வருபவர்கள் பலர் ஓரிரு நாளில் அங்கே ஏறிவிடுகிறார்கள். உடம்பு பழகுவதற்கு நேரம் கொடுப்பதில்லை. அந்த யாத்திரையில் மாரடைப்பால் இறப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. பக்தி வேறு, நுரையீரல் வேறு. முதல் தடவை மலைக்குப் போகும் பெரியவர்கள் கேதார்நாத்தில் தொடங்க வேண்டாம்.

சிம்லாவில் தொடங்கலாம். இமாசலப் பிரதேசத்தின் தலைநகரம் அது. உயரம் சுமார் 2,200 மீட்டர். மலைக் காற்று உண்டு. தேவதாரு மரக்காடு உண்டு. வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் பனிமலை தெரியும். இவற்றோடு பெரிய அரசு மருத்துவமனையும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. முதியவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு வசதியும் உண்டு. மால் ரோடு என்ற கடைத்தெருவிலும், அதற்கு மேலே இருக்கும் ரிட்ஜ் என்ற திறந்த மைதானத்திலும் பொது வாகனங்களுக்கு அனுமதி இல்லை. ஆம்புலன்சு போன்ற வண்டிகள்தான் வரலாம். ஹாரன் சத்தம் இல்லை. பின்னால் ஆட்டோ வருகிறதா என்று திரும்பிப் பார்க்க வேண்டாம். நடுத்தெருவில் கைகோத்து நடக்கலாம். நம் ஊர்களில் பெரியவர்களுக்கு இப்படி ஒரு தெரு கிடைப்பது கஷ்டம்.

எந்த மாதம்?

மார்ச் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை போகலாம். அல்லது அக்டோபர், நவம்பர் மாதங்களில் போகலாம். மே, ஜூனில் கூட்டம் அதிகம். அறை வாடகையும் ஏறும். 2018 மே கடைசியில் சிம்லாவில் கடுமையான தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. உள்ளூர் மக்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். வெளியூர்க்காரர்கள் இப்போது வரவேண்டாம் என்று ஊரார் கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. ஆகவே ஏப்ரலோ அக்டோபரோ நல்லது. ஏப்ரலில் மலைச்சரிவுகளில் சிவப்பு நிறத்தில் புராஸ் பூ பூத்திருக்கும். அதைப் பிழிந்து சர்பத் செய்து விற்பார்கள்.

ஜூலை, ஆகஸ்டு வேண்டாம். மழைக்காலத்தில் அந்த மலைகளில் மண் சரியும். 2023 ஆகஸ்டு 14 அன்று சிம்லாவின் சம்மர் ஹில் பகுதியில் மலை சரிந்தது. அங்கிருந்த சிவன் கோயில் இடிந்து, வழிபட வந்தவர்கள் பலர் இறந்தார்கள். அதே சரிவில் ரயில் பாதையின் அடிமண் போய்விட்டது. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. மழை நாளில் மலைக்குப் போகாதீர்கள் என்று உள்ளூர்க்காரர்கள் சொன்னால், முன்பணம் போனாலும் போகட்டும் என்று விட்டுவிட வேண்டும்.

டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் பனி விழும். பார்க்க அழகுதான். ஆனால் பாதையில் விழுந்த பனி இரவில் கண்ணாடி போல இறுகிவிடும். அதில் கால் வைத்தால் வழுக்கும். இந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் படுக்கைதான்.

மருத்துவரிடம் என்ன கேட்பது?

"மலைக்குப் போகலாமா டாக்டர்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அவர் "வேண்டாம்" என்று சொல்லிவிடுவார். அல்லது "சரி, பார்த்துப் போங்க" என்பார். இரண்டும் உதவாது. இப்படிக் கேளுங்கள்: "2,200 மீட்டர் உயரத்தில் ஐந்து நாள் இருக்கப்போகிறோம். தினமும் இரண்டு மூன்று மணி நேரம் மெதுவாக நடப்போம். என் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் இது சரியா? மாத்திரையை மாற்ற வேண்டுமா?"

சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், நடந்தால் நெஞ்சு வலிப்பவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குபவர்கள் மருத்துவர் சம்மதிக்காமல் கிளம்பவே கூடாது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். வழக்கத்தைவிட அதிகம் நடப்பதால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கை நடுங்கும், வேர்க்கும், கண் இருட்டும். சட்டைப் பையில் வெல்லமோ மிட்டாயோ இருக்க வேண்டும். அது பெட்டியில் இருந்து பயன் இல்லை. இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும். ஆகவே குளிர் இரவில் அதை ஜன்னல் ஓரம் வைக்கக் கூடாது. தினமும் இரவில் பாதத்தைப் பாருங்கள். கொப்புளம் வந்தாலும் சிலருக்கு வலி தெரியாது. கணவர் பாதத்தை மனைவியும், மனைவி பாதத்தைக் கணவரும் பார்க்கலாம். இதில் வெட்கம் எதற்கு?

ஒரு அட்டை எழுதுங்கள். உங்கள் கையாலேயே எழுதுங்கள். பெயர், வயது, ரத்த வகை, என்ன நோய், என்ன மாத்திரை, எத்தனை வேளை, பிள்ளையின் தொலைபேசி எண், தங்கும் விடுதியின் பெயர். மறுபக்கத்தில் இதையே இந்தியிலோ ஆங்கிலத்திலோ தெரிந்தவர்களைக் கொண்டு எழுதி வாங்குங்கள். சிம்லா மருத்துவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது அல்லவா? மயங்கி விழுந்தவர் பேச மாட்டார். அட்டை பேசும்.

இரண்டு மாதப் பழக்கம்

டிக்கெட் வாங்கிய அன்றே நடக்கத் தொடங்குங்கள். முதல் வாரம் தினமும் 20 நிமிடம். வாரத்துக்கு வாரம் ஐந்து, பத்து நிமிடம் கூட்டுங்கள். இரண்டு மாதத்தில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் நடக்க முடியும்.

எவ்வளவு வேகம்? பக்கத்தில் நடப்பவரோடு பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் அது சரியான வேகம். பேச்சு திக்கினால் வேகம் அதிகம். இதற்குக் கைக்கடிகாரமும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

சமதரையில் மட்டும் நடந்தால் போதாது. வாரத்தில் மூன்று நாள் மாடிப்படி ஏறி இறங்குங்கள். இறங்குவதுதான் முக்கியம். மலை ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போது உடம்பின் பாரம் முழுக்க முழங்காலில் இறங்கும். தொடைச் சதை பிரேக் மாதிரி பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சதைக்குப் பழக்கம் இல்லாவிட்டால் மறுநாள் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாது.

செருப்பு வேண்டாம். கயிறு கட்டும் ஷூ வேண்டும். அடிப்பாகம் சொரசொரப்பாக இருக்கட்டும். புது ஷூவை ஊரிலேயே ஒரு மாதம் போட்டுப் பழக்குங்கள். புடவை கட்டும் அம்மாக்கள் கணுக்காலுக்கு மேல் சற்றுத் தூக்கிக் கட்டிக்கொள்ளலாம். படி இறங்கும்போது புடவைக் கரை காலில் சிக்கினால் ஆபத்து. சுடிதார் போட்டுப் பார்க்கலாம் என்றால் அதுவும் நல்லதே. அங்கே யார் கேட்கப்போகிறார்கள்?

கைத்தடி கட்டாயம் வேண்டும். தடி ஊன்றுவது முதுமையின் அடையாளம் என்று சில தாத்தாக்கள் கூச்சப்படுவார்கள். மலையில் இருபது வயதுப் பையன்களும் தடி ஊன்றித்தான் நடக்கிறார்கள். தடியைப் பக்கத்தில் நிறுத்திக் கையைத் தொங்கவிட்டால், பிடி மணிக்கட்டு உயரத்துக்கு வரவேண்டும். அதுதான் அளவு. சிம்லாவில் லக்கர் பஜார் என்று மரச்சாமான் கடைகள் நிறைந்த தெரு இருக்கிறது. அங்கே அழகான தடிகள் கிடைக்கும். ஆனாலும் பழகிய தடி ஒன்று ஊரிலிருந்தே போகட்டும்.

போகும் வழி

டில்லி வழியாகக் கால்கா வரை பெரிய ரயில் போகிறது. முன்பு ரயிலில் முதியோருக்குக் கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டார்கள். கீழ்ப் படுக்கைக்கு மட்டும் தனி ஒதுக்கீடு இருக்கிறது. 60 வயது முடிந்த ஆண்களும், 45 வயது முடிந்த பெண்களும் அதைக் கேட்கலாம். ஆனால் ஒரு டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் இந்த ஒதுக்கீடு கிடைக்காது. ஆறு பேர் போகிறீர்களா? இரண்டிரண்டு பேராக மூன்று டிக்கெட் எடுங்கள்.

கால்காவிலிருந்து சிம்லாவுக்குச் சின்ன ரயில் உண்டு. 1903-இல் தொடங்கிய பாதை அது. நீளம் 96 கிலோமீட்டர். வழியில் 102 சுரங்கங்கள். 800-க்கும் மேற்பட்ட பாலங்கள். 2008-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். பஸ்ஸோ காரோ இதைவிடச் சீக்கிரம் போகும். ஆனால் வளைவுகளில் பலருக்கு வாந்தி வரும். இந்த ரயில் மெதுவாக வளைந்து ஏறும். எழுந்து கால் நீட்டலாம். கழிப்பறை வசதி உள்ள வண்டியா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

கால்கா சுமார் 650 மீட்டர் உயரம். சிம்லா ரயில் நிலையம் 2,076 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி வெப்பம் குறையும். கால்காவில் 30 டிகிரி என்றால் சிம்லாவில் 21 இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்பளிச் சட்டையைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு வண்டியில் நடுங்குபவர்கள் நிறைய.

விடுதியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகை அல்ல. "வண்டி நிற்கும் இடத்திலிருந்து எத்தனை படி?" என்பதுதான். சிம்லா முழுக்கப் படிக்கட்டு. அறை வாசலுக்கு 120 படி ஏற வேண்டிய விடுதியும் இருக்கும். தினமும் வெளியே போகும்போதும் வரும்போதும் அதை ஏறி இறங்க வேண்டும். "கித்னீ ஸீடியா?" என்று இந்தியில் கேளுங்கள். ஸீடி என்றால் படி. சடாயீ என்றால் ஏற்றம். உத்ராயீ என்றால் இறக்கம். இந்த மூன்று சொல் தெரிந்தால் சிம்லாவில் பாதி வேலை முடிந்தது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். மலைக்காரர்கள் "பாஸ் மே ஹை, பக்கத்தில்தான்" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். அவர்கள் பக்கம் வேறு, நம் பக்கம் வேறு.

பெட்டியைத் தூக்கச் சுமைதூக்கும் தொழிலாளிகள் இருக்கிறார்கள். கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கீழே கார்ட் ரோட்டிலிருந்து மால் ரோட்டுக்குப் போக லிப்டும் உண்டு. சீட்டு வாங்கி ஏறலாம்.

நடக்கும் நாட்கள்

போன அன்று எங்கேயும் ஏறக்கூடாது. குளித்து, சாப்பிட்டு, மாலையில் ரிட்ஜ் மைதானத்தில் மெல்ல உலவினால் போதும். நீங்கள் நிற்கும் அந்த மைதானத்துக்கு அடியில் ஊருக்கே குடிதண்ணீர் தரும் பெரிய தொட்டி இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது.

மறுநாள் மால் ரோட்டில் மேற்கே நடந்து, சௌரா மைதான் வழியாகப் பழைய வைஸ்ராய் மாளிகைக்குப் போகலாம். ரிட்ஜிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர். பெரிய ஏற்றம் இல்லாத நல்ல பாதை. 1888-இல் கட்டி முடித்த மாளிகை அது. 1945-இல் சிம்லா மாநாடு நடந்தது இங்கேதான். 1965 முதல் உயர் ஆய்வு நிறுவனம் ஒன்று இங்கே நடக்கிறது. புல்வெளியில் உட்கார்ந்து எடுத்துப்போன சப்பாத்தியைச் சாப்பிடலாமா என்று காவலரைக் கேளுங்கள். திரும்பும்போது பஸ்ஸில் வாருங்கள். போனபடியே நடந்து திரும்ப வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

மூன்றாம் நாள் ஓய்வு. கடை பார்க்கலாம். மால் ரோட்டுக் காபி ஹவுஸில் காபி குடிக்கலாம். நம் ஊர் டிகாக்ஷன் மாதிரி இருக்காது. பரவாயில்லை.

நான்காம் நாள் ஜாக்கு மலை. உச்சியில் அனுமார் கோயில். உயரம் 2,455 மீட்டர். ரிட்ஜிலிருந்து 2 கிலோமீட்டர்தான். ஆனால் 250 மீட்டர் செங்குத்தாக ஏற வேண்டும். எவ்வளவு நேரம் ஆகும்? பெரியவர்களுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். சமதரையில் மணிக்கு 3 கிலோமீட்டர். அதோடு, ஏறும் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். 2 கிலோமீட்டருக்கு 40 நிமிடம். 250 மீட்டர் ஏற்றத்துக்கு 50 நிமிடம். மொத்தம் ஒன்றரை மணி நேரம். "அரை மணி நேரத்தில் போயிடலாம்" என்று விடுதிப் பையன் சொல்வான். அவன் வயதில் போகலாம்.

ஜாக்குவுக்குக் கம்பி வண்டியும் இருக்கிறது. பலர் அதில் ஏறிப் போய், நடந்து இறங்குகிறார்கள். அது தலைகீழ். முழங்காலுக்கு இறக்கம்தான் பகை. ஆகவே நடந்து ஏறுங்கள், கம்பி வண்டியில் இறங்குங்கள். ஏறவே முடியாதவர்கள் இரண்டு பக்கமும் கம்பி வண்டியில் போகட்டும். அனுமார் கோபிக்க மாட்டார். ஆனால் அவருடைய குரங்குகள் மூக்குக் கண்ணாடியைப் பறித்துக்கொண்டு ஓடும். கோயில் நெருங்கும்போது கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போடுங்கள். கண்ணாடி இல்லாமல் படி தெரியாதவர்கள் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாற்றுக் கண்ணாடி ஒன்று அறையில் இருப்பது நல்லது.

கூட்டமாகப் போகும்போது ஒரு அநியாயம் நடக்கும். வேகமாக நடப்பவர்கள் முன்னே போய் ஒரு திட்டில் உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில் மூச்சிரைக்க ஒரு பாட்டி வந்து சேருவார். உடனே முன்னே வந்தவர்கள் எழுந்து, "வாங்க பாட்டி, போகலாம்" என்று கிளம்பிவிடுவார்கள். பத்து நிமிடம் உட்கார்ந்தவர்களுக்கு ஓய்வு கிடைத்தது. பாட்டிக்கு ஒரு நிமிடம் கூட இல்லை. மதியத்துக்குள் பாட்டி களைத்துப்போவார். "உங்களால்தான் தாமதம்" என்ற பேச்சும் அவர் மேல்தான் விழும். பாட்டியை முன்னால் நடக்கவிடுங்கள். அவர் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். அவர் உட்கார்ந்தால் எல்லோரும் உட்கார வேண்டும். அவர் எழுந்த பிறகுதான் எழ வேண்டும்.

தண்ணீர் விஷயமும் இப்படித்தான். வயதானால் தாகம் சரியாகத் தெரியாது. குளிரில் இன்னும் தெரியாது. பெண்களுக்கு இன்னொரு காரணம் உண்டு. வழியில் கழிப்பறை இருக்குமோ இருக்காதோ என்ற பயத்தில் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டார்கள். நாக்கு வறண்டு, தலை சுற்றி, அதை மலை நோய் என்று நினைப்பார்கள். இதற்கு வழி, தண்ணீரைக் குறைப்பது அல்ல. கிளம்பும் முன்பே எங்கெங்கே கழிப்பறை என்று கேட்டு வைப்பதுதான். கூட்டத்தில் இருக்கும் ஆண்களில் ஒருவர் இதை வாய்விட்டுக் கேட்டுச் சொல்லலாம். பெண்கள் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஐந்தாம் நாள் மசோப்ரா பக்கம் பஸ்ஸில் போய்க் காட்டுப் பாதையில் ஒரு மணி நேரம் நடக்கலாம். கால் வலி இருந்தால் ரிட்ஜில் வெயில் காய்ந்தாலே போதும். இன்னும் மேலே, 2,500 மீட்டருக்கு மேல் போய்த் தங்க ஆசை வந்தால், ஒரே நாளில் 500 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தைக் கூட்டாதீர்கள். தலைவலியோடு மேலே ஏறாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே கீழே இறக்க வேண்டும். 108-ஐயோ 112-ஐயோ கூப்பிடலாம்.

ஊர் திரும்பும் நாளில் நடை எதுவும் வேண்டாம். காலையில் மாத்திரைப் பையையும் கைத்தடியையும் எடுத்துவிட்டீர்களா என்று கட்டிலுக்கு அடியிலும் பாருங்கள். லிப்டில் கார்ட் ரோட்டுக்கு இறங்குங்கள். ரயில் நிலையம் அங்கிருந்து சற்றுத் தூரம். பெட்டியோடு நடக்காமல் வண்டி பேசிக்கொள்ளுங்கள். கால்காவில் இறங்கும்போது கம்பளிச் சட்டையைக் கழற்றக் கையில் ஒரு பை இருக்கட்டும்.